பேச்சியம்மாவின் இரும்பு இடுப்பு

பேச்சியம்மாவுக்கு இடுப்பு மூட்டை மாற்றியபோது வயது நாற்பத்தொன்று. தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். தொடை எலும்பின் தலை உளுத்துப்போய், குந்தினால் எழ முடியாத நிலை. கொழும்பு ஆஸ்பத்திரியில் மூட்டின் பந்து, கிண்ணம் இரண்டையும் உலோகத்திலேயே வைத்தார்கள். "இருபது வருசத்துக்குக் கவலையில்ல" என்றார்கள். அறுத்த ஏழாம் மாதமே, காலையில் வேலைக்கு ஆள் பதியும் பெரட்டில் வந்து பேர் கொடுத்தவளைப் பார்த்து, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு வாயைப் பிளந்தார்.

ஒன்பதாம் வருடம் கவட்டில் வலி தொடங்கியது. படியேறினால் உள்ளே ஏதோ கிறீச்சிட்டது.

"வயசாகுதில்லையா அம்மா? எக்ஸ்ரேயில மூட்டு நல்லாத்தானே இருக்கு" என்றார் கிளினிக் டாக்டர்.

"படத்துக்கா ஐயா வலிக்குது? எனக்குல்ல வலிக்குது!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஹட்டனில் டீச்சராக இருக்கும் மகள் தனுஷிகா பழைய ஆஸ்பத்திரி அட்டையில் மூட்டின் வகையைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றித் தேடிப் படித்தாள். உலோகமும் உலோகமும் உரசினால் அதிலுள்ள கோபால்ட் தேய்ந்து இரத்தத்தில் கலக்கலாம். சுற்றியிருக்கும் சதையை அரிக்கலாம். எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். அடுத்த கிளினிக்கில் பேச்சியம்மா கதிரையில் அழுந்த உட்கார்ந்தாள்.

"ரத்தத்தச் சோதிக்க எழுதிக் குடுங்க. எழுதாம நான் எந்திரிக்கிறதா இல்ல."

"பின்னால எத்தன பேர் நிக்கிறாங்க, தெரியுமா?"

"தெரியும். மொத பஸ்ஸுல வந்து நானும் நின்னவதான்."

எழுதிக் கொடுத்தார். கோபால்ட் பல மடங்கு ஏறியிருந்தது. ஸ்கேனில் மூட்டைச் சுற்றி நீர் கோத்திருந்தது. "நீங்க சொன்னதுதான் சரி" என்று டாக்டரே ஒப்புக்கொண்டார்.

மறுபடி அறுத்து, பீங்கான் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்தார்கள். வலி போனது, அரித்த தசை திரும்பவில்லை. கைத்தடியோடு சாய்ந்துதான் நடக்கிறாள். கொழுந்து பறிக்க மலைக்கு இனிப் போக முடியாது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த அட்டையில் 'மூட்டுத் தேய்வு' என்று இருப்பதை மகள் வாசித்ததும் அவள் நகர மறுத்துவிட்டாள்.

"என் மூட்டா தேஞ்சுச்சு? நீங்க வச்ச இரும்புதானே தேஞ்சுச்சு! அத எழுதுங்க."

திருத்தி எழுதினார்கள்.

கொழும்பில் அவளுக்கு வைத்த அதே நாட்களில் அதே உலோக மூட்டு வைத்துக்கொண்ட சிவசாமி கொத்மலையில் இருந்தார். பஸ் மாறிப் போய், அவரையும் சோதனைக்கு இழுத்துவந்தாள். அவருக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

"வீணா அலைய வச்சுட்டியே, தங்கச்சி" என்று சிரித்தார்.

"ஒண்ணுமில்லன்னு இப்பத்தானே தெரியுது! அடுத்த வருசமும் வரணும். வரலைன்னா வீட்டு வாசல்ல வந்து உக்காந்துருவேன்."