மைசெல்ஃப் சொர்ணலட்சுமி

சின்னாளபட்டி சொர்ணலட்சுமிக்கு ஆங்கிலத்தில் எதையெல்லாம் சொல்லக் கூடாது என்பது முழுக்கத் தெரியும். திண்டுக்கல் கல்லூரிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் அவள் பார்க்கும் வீடியோக்கள் அந்த ஒன்றைத்தான் கற்றுக்கொடுத்தன. பெயரைச் சொல்லும்போது 'மைசெல்ஃப்' போடாதீர்கள். 'கோ அண்ட் கம்' வேண்டவே வேண்டாம். டொய்ங் என்று ஒரு சிவப்புப் பெருக்கல் குறி வந்து விழும். இரண்டு வருடம் இப்படிப் படித்ததில் அவள் ஆங்கிலத்தில் பிழையே இல்லாமல் போயிற்று. அவள் அதைப் பேசுவதே இல்லை. பி.காம் வகுப்பில் அவளுக்குப் பெயர் 'சைலண்ட் மோடு'.

பழனியில் நடக்கும் பேச்சுப் போட்டிக்கு ஒருவரை அனுப்ப வேண்டும் என்று ஆங்கிலப் பேராசிரியர் அருள்நாதன் சொன்னபோது முதலில் கையைத் தூக்கியவள் அவள்தான். அந்தப் பட்டப்பெயரை எப்படியாவது கழற்றிப் போட்டுவிட வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்க வகுப்பிலேயே ஒரு போட்டி. தலைப்பு: வீடியோ பார்த்து ஆங்கிலம் வருமா?

வராது என்று பேச வந்த வகுப்புத் தோழன் விக்னேஷ்குமார், "ஹாய் கைஸ்!" என்று ஆரம்பித்தான். கையை வீசி, புருவத்தை ஏற்றி, மூச்சுவிடாமல் வெளுத்துக்கட்டினான். முடிக்கும்போது பழக்க தோஷத்தால் சப்ஸ்க்ரைப் செய்யச் சொன்னான். வீடியோவால் பிரயோஜனமில்லை என்பதை எந்த வீடியோவும் அவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

வரும் என்று பேச சொர்ணலட்சுமி எழுந்தாள். வாயைத் திறந்தாள். மனசுக்குள் டொய்ங். மூடினாள். வேறு வாக்கியம் யோசித்தாள். அதற்கும் டொய்ங்.

"ஏடி, தப்பாவாச்சும் பேசித் தொலைடி!" என்றாள் பின்பெஞ்சிலிருந்து தோழி தமிழ்மதி.

"மைசெல்ஃப் சொர்ணலட்சுமி."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். வீடியோ எனக்கு இருநூறு தப்புகளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது, இன்றைக்கு அத்தனையையும் செய்யப் போகிறேன் என்று ஆங்கிலத்தில் அறிவித்தாள், சொன்னபடி செய்தாள். பஸ் பாட்டு காதை அடைக்க, வீடியோவின் கீழே ஓடும் எழுத்தை மட்டும் பார்த்துப் படித்ததைச் சொன்னாள். எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காத டீச்சர் செல்போன் ஒன்றுதான் என்றாள். அருள்நாதன் இருமினார். "ஐ வில் கோ அண்ட் கம், சார்" என்று முடித்து உட்கார்ந்தாள்.

"வீடியோ வேணாம்னவன் வீடியோ மாதிரியே பேசுறான். வேணும்னவ அதுல சொன்ன ஒண்ணையும் கேக்கல. ரெண்டு பேரும் எதிர்க்கட்சிக்கு ஓட்டு வாங்கிக் குடுத்திருக்கீங்க" என்றார் அருள்நாதன். விக்னேஷ்குமார் பக்கம் திரும்பினார். "விக்னேஷு, நீ பேசுனத நான் போன்ல பாத்துக்குவேன். இந்தப் புள்ள பேசுனது அதுல கெடைக்காது. நீயே பழனிக்குப் போம்மா."

"சார், அநியாயம் சார்!"

"ஒனக்கு ஒரு லைக் போட்டுர்றேன். உக்காரு."

போட்டியன்று காலையில் சொர்ணலட்சுமி செருப்பை மாட்டிக்கொண்டே அம்மாவிடம், "ஐ வில் கோ அண்ட் கம்" என்றாள்.

"என்னடி அது?"

"போயிட்டு வாரேன்னு அர்த்தம்மா. இங்கிலீஷ்ல அப்படிச் சொல்லக் கூடாதாம்."

"பின்ன? போறேன்னா சொல்லச் சொல்றான், வெளங்காதவன்!"