ரேகை இல்லாத கட்டைவிரல்

இந்த அமெரிக்க ஊரில் வரியைக் குறைக்கச் சொல்பவர்கள் ஆபீஸ் வாசலில் நிற்பதில்லை, மளிகைக் கடை வாசலில் நிற்கிறார்கள். சட்டத்தை ஜனங்களே எழுதி, போதுமான கையெழுத்துச் சேர்த்துவிட்டால் ஓட்டுக்கு விட்டாக வேண்டுமாம். எனக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் ராபர்ட், ஏறிய வரியில் வீடே போய்விடுமோ என்று பயந்து அலைகிறார். சனிக்கிழமைகளில் அவருக்காக மனுத்தாள் செருகிய அட்டையைப் பிடித்து நிற்கிறேன். கையெழுத்துப் போட எனக்கு உரிமையில்லை. இந்த நாட்டுக் குடிமகன் இல்லையே. கடைக்கு வருகிறவர்கள் ஒரு கையில் ஐஸ்கிரீமோடு, படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

போன வாரம் கை நடுங்கும் கிழவர் ஒருவர் பேனாவைப் பிடிக்க முடியாமல் தவித்தார். கைநாட்டாவது வைக்கட்டும் என்று நான் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து நீட்டினேன். மனு என்றால் மைப்பெட்டி இல்லாமல் எனக்குக் கிளம்பத் தெரியாது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

“நான் என்ன தப்புச் செய்தேன்?”

கையெழுத்துப் போடாமலே போய்விட்டார். “இங்கே போலீஸ்தான் விரலில் மை தடவும்” என்றார் ராபர்ட்.

செஞ்சியில் எங்கள் தெருவுக்கு வீட்டு வரியை ஏற்றியபோது மனு எழுதியவன் நான்தான். தெருவிலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். என் கையெழுத்துக்குக் கீழே பத்தொன்பது கைநாட்டு. கோட்டை மலைக்குப் பின்னால் கல் உடைத்து உடைத்து ரேகை தேய்ந்த என் நைனாவின் — அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன் — கட்டைவிரல் மட்டும் வெறும் கறுப்பு வட்டமாக விழுந்தது.

“இன்னாய்யா இது? யாரு வேணா வச்சிருக்கலாம்” என்றார் வரி ஆபீஸ் குமாஸ்தா.

“கல்லு ஒடைக்கிற கை சார்.”

“அப்ப கல்லுகிட்டயே கைநாட்டு வாங்கினு வா, போ. ஒண்ணு பொய்யின்னா எல்லாம் பொய்தான்.”

மனு திரும்பி வந்தது. மறுவாரம் வரி பாக்கிக்காக எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். நைனா கட்டைவிரலை மண்ணில் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் படிக்க இங்கே கிளம்பும்வரை வாசலில் கோணிதான் தொங்கியது.

நான் இங்கே சம்பாதித்து அனுப்பிய பணத்தில் போன மாதம் நைனா புதுக் கதவு வைத்தார். நேற்று கடிதம் வந்தது. அவர் சொல்லச் சொல்ல வேறு தெருக்காரர் யாரோ எழுதியது: “ஃபாரின் காசுல கதவுன்னு வரிய இன்னும் ஏத்திட்டானுங்கடா. கட்டலன்னா இதையும் கழட்டுவானுங்களாம். நீ வந்து ஒரு மனு எழுது.”

கீழே அதே கறுப்பு வட்டம். குமாஸ்தாவுக்கு அது மைக்கறை. எனக்கு எந்த நாட்டில் காட்டினாலும் அது நைனா.

கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. அதன்மேல் அட்டையைச் சாய்த்துப் பிடித்து நிற்கிறேன். யார் யாரோ வந்து, என் நெஞ்சின்மேல் பேனாவை அழுத்தித் தங்கள் வீட்டுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.