அம்மாவின் கட்டத்தில் பதினோரு கோடு

எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு படிவம் கொடுத்திருக்கிறது. 'வீட்டில் அதிகம் தண்ணீர் செலவழிப்பவர் யார்?' என்று ஒரு கேள்வி. ஓய்வு பெறும்வரை படிவங்களோடு குடித்தனம் நடத்தியவள் நான். இதை எழுதியவர் ஒருநாளும் பாத்திரம் துலக்கியிருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்வேன்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பாவும் இப்படியொரு கணக்கெடுப்பு நடத்தினார். திருவண்ணாமலையில் அந்தக் கோடை முழுக்கக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அப்பா சமையலறைச் சுவரில் ஆளுக்கொரு கட்டம் வரைந்தார். தொட்டியிலிருந்து யார் ஒரு குடம் மொண்டாலும் அவர் கட்டத்தில் ஒரு கோடு. பள்ளி விடுமுறை என்பதால் கோடு போடும் அதிகாரி நான். யாரோ எழுதிய கடிதத்தில் உள்ள குற்றத்துக்குத் தட்டச்சு செய்தவரைத் தண்டிக்கும் விதி அது. அப்போது எனக்கு அது வேதவாக்கு.

அப்பா எதையும் மொண்டதே இல்லை. அவர் குளிக்க அண்டாவை நிரப்பி வைப்பவள் அம்மா. பௌர்ணமிக்கு மலை சுற்றிவிட்டு வந்த பெரியப்பா குளிக்கவும் அவள்தான் மொண்டு வைத்தாள். சமையல், துணி எல்லாம் அவள் கைதான். தனக்கென்று மொண்டது குளிக்க இரண்டே குடம். அன்று அவள் கட்டத்தில் மொத்தம் பதினோரு கோடு. அப்பாவின் கட்டம் பளிச்சென்று இருந்தது.

"பாருண்ணா, எங்க வீட்டு மகாராணிக்கு மட்டும் பதினோரு கொடம்!" என்றார் அப்பா.

"ஏம்மா, இவ்ளோ ஜாஸ்தியா? கொஞ்சம் கம்மி பண்ணக் கூடாதா?" என்றார் பெரியப்பா, ஈரத் தலையைத் துவட்டியபடியே.

"நீங்கல்லாம் குளிச்சதும் அதுலதாங்க இருக்குது" என்றாள் அம்மா.

"கோடு யாரு பேர்ல இருக்குது? பாப்பா பொய்க் கோடா போடும்?" என்றார் அப்பா.

"நான் சரியாத்தான் போட்டேம்ப்பா" என்றேன் நிமிர்ந்து நின்று. அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள்.

பெரியப்பா அந்த வாரம் எங்களோடுதான் தங்கியிருந்தார்; ஆனாலும் மறுநாளிலிருந்து அவள் கட்டத்தில் இரண்டு கோடு குறைந்தது. அப்பாவின் அண்டாவில் ஒரு சொம்புகூடக் குறையவில்லை. "சொன்னா குறையுது பாத்தியா!" என்று அவர் என் முதுகில் தட்டினார்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் குளியலறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. அம்மா ஈரத்துணியால் கழுத்தையும் கைகளையும் துடைத்துக்கொண்டிருந்தாள். அருகில் ஒரு சொம்புத் தண்ணீர்.

சொம்புக்குக் கோடு உண்டா என்று விதியில் இல்லை. அப்பாவைக் கேட்க ஓடினேன்.