தைலம் தேய்த்த இரண்டு நாட்கள்

என் மகள் அனுஜாவுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். ஒன்பது வயதாகியும் நடக்கவோ பேசவோ முடியாது. விறைத்த கால்களைத் தினமும் நீட்டி மடக்கும்போது அழுவாள். "கரைஞ்சாலும் நிறுத்தண்டாம்" என்று பயிற்சி சொல்லித் தந்தவர் சொல்லியிருந்ததால், அவள் அழுகையைக் காதில் வாங்காமலிருக்கப் பழகிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேண்ட் மாட்டும்போது வீறிட்டாள். வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். மாலையில் தொடை வீங்கியிருந்தது. எங்கள் அமரவிளைப் பக்கம் வீக்கம் என்றால் கை முதலில் போவது தைலக் குப்பிக்குத்தான்.

"சுளுக்காக்கும். நல்லா உழிஞ்சு விடு" என்றார் கணவர். இரண்டு நாள் தைலத்தைச் சூடாக்கித் தேய்த்தேன். "கரையாதே மக்களே, இப்பம் மாறும்" என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தேன்.

மூன்றாம் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் தொடை எலும்பு முறிந்திருந்தது.

"எங்க விழுந்தா?" என்று கேட்டார் டாக்டர்.

"விழல்ல டாக்டர். பேண்ட் போட்டேன், அவ்வளவுதான்."

காலூன்றி நிற்காத பிள்ளைகளுக்கு எலும்பு பலமிழக்கும், சில வலிப்பு மாத்திரைகளும் அதைக் கூட்டும், உடை மாற்றும்போதே முறியலாம் என்றார். ஒன்பது வருடத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது எலும்புக்கு மருந்து கொடுக்கிறோம். பேண்டை விட்டுவிட்டுத் தொளதொளப்பான பாவாடை கட்டுகிறேன். எங்காவது வீங்கினால் தேய்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறேன்.

கட்டுப் பிரித்து மாதங்களாகிவிட்டன. அடுத்த வீட்டிலிருந்து தைல வாசனை வந்தால் அனுஜா இன்றும் அழுகிறாள். அதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.