ஞாயிற்றுக்கிழமை விடுமுறை விட்ட சக்கரவர்த்தி

தலைச்சோலை மலைக்கிராமத்துக்கு மேலே உள்ள ஒரு காப்பி எஸ்டேட்டில் ஏசுராஜ் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கெழுதும் ரைட்டர். ஒரு பேரரசுக்கு மூன்று மாதமாகச் சக்கரவர்த்தி. இரண்டு உத்தியோகத்தையும் அவர் ஒரே மாதிரி பார்த்ததில்தான் சிக்கலே வந்தது.

பேரரசு அவருடைய செல்போனில் இருந்தது. கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் மகள் ஃபெபி, கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பா ஒரு நாளைக்கு ஐந்து தடவை போன் போட்டு, "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்பதைக் குறைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. மருந்து நன்றாகவே வேலை செய்தது. ஜனவரி பிறந்ததும் அவளே கூப்பிட்டு, "அப்பா, நான் சாப்பிட்டுட்டேன்" என்று தகவல் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

பழங்காலத்து ராஜ்யம் ஒன்றைக் கட்டி ஆளும் விளையாட்டு அது. ஆற்றங்கரையில் பத்துக் குடிசையோடு ஆரம்பிக்க வேண்டும். கோட்டை கட்டினால், அணை கட்டினால், அடுத்தவன் ஊரைப் பிடித்தால் வெற்றிப் புள்ளிகள் வரும். ஊரில் பஞ்சமில்லாமல் மக்கள் சந்தோஷமாக இருந்தாலும் கொஞ்சம் புள்ளி வரும். ஆனால் அந்த வழியில் போக யாருக்கும் பொறுமை கிடையாது. தொண்ணூறாவது நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு யாரிடம் அதிகப் புள்ளி இருக்கிறதோ, அவர் பெயரை விளையாட்டின் வாசலிலேயே ஒரு கல்வெட்டில் செதுக்கிவிடுவார்கள். உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். வேறு பரிசு ஒன்றும் இல்லை.

ஏசுராஜுக்கு வேறு பரிசு வேண்டியதும் இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் அவர் பெயர் எங்கேயும் முதலில் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது ரேங்க். எஸ்டேட்டில் மானேஜர் நாற்காலி மூன்று முறை காலியாகி, மூன்று முறையும் அவரைவிடச் சின்னவர்களுக்குப் போனது. கோவில் திருவிழாவுக்காகப் பத்து வருஷம் அலைந்து வசூல் செய்திருக்கிறார். நோட்டீசில் 'மற்றும் பலர்' என்று போடுவார்களே, அந்தப் பலரில் அவரும் ஒருவர். அதனால் அந்தக் கல்வெட்டில் தன் பெயர் ஏறவேண்டும் என்ற ஆசை மனுஷனைப் பிடித்து ஆட்டியது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் இன்னும் அதிகமாக ஆட்டியது.

மற்றவர்கள் முதலில் மதில் எழுப்பினார்கள், குதிரைப்படை சேர்த்தார்கள். நம்முடைய சக்கரவர்த்தி முதலில் குடியிருப்புக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு கூரை மாற்றினார். தினமும் காலை ஆறரைக்கு, எஸ்டேட்டில் ஆட்களின் பெயர் வாசிக்கப் போகும் முன், தானியக் கிடங்கு நிறைந்திருக்கிறதா என்று ஊர் ஊராகப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். பேசுகிறவர்கள் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், சாப்பாடு நிறைந்த ஊரில் ஜனம் பெருகியது, ஜனம் பெருகியதும் புள்ளியும் பெருகியது. அடித்துப் பிடித்துக்கொண்டிருந்த ராஜாக்களெல்லாம் ஒருவரை ஒருவர் கொளுத்திக்கொண்டு கீழே இறங்க, இவர் சத்தமில்லாமல் மேலே ஏறிவிட்டார்.

ஆனால் ஒரு ஓட்டை. விளையாட்டில் 'ஓய்வு நாள்' என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் மக்களுக்குச் சந்தோஷம் கூடும்; ஆனால் அன்றைக்குக் காவல் வீரர்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மூளையுள்ள எவனும் அதைத் தொடமாட்டான். ஏசுராஜ் முதல் நாளே, யோசிக்கக்கூடச் செய்யாமல், வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை என்று போட்டுவிட்டார். எஸ்டேட்டில் பழம் பறிக்கிற ஆட்களுக்கு ஞாயிறு லீவு. கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம். இருபத்திரண்டு வருஷமாக அதை எழுதி எழுதிப் பழகிய கை அது.

அந்த லீவு ரைட்டருக்கு மட்டும் கிடையாது. அவர் மாதச் சம்பளக்காரர், ஸ்டாஃப். ஞாயிறுதோறும் முதலாளி சேலத்திலிருந்து விருந்தாளிகளோடு காரில் மேலே வருவார். ஏசுராஜ் காலைப் பூசை முடிந்ததும் வீட்டுக்குக்கூட வராமல் எஸ்டேட்டுக்கு ஓடி, பங்களாச் சாவியோடு நிற்பார். மிளகுக்கொடி எந்த மரத்தில் ஏறுகிறது என்று காட்டுவார். காப்பிப் பழத்தைக் கடித்துவிட்டு முகம் சுளிக்கும் பெரிய மனிதர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார். இருட்டுவதற்குள் வீடு திரும்பினால் புண்ணியம். முடியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை மனைவி இன்பமேரிகூடக் கேட்டதில்லை.

ஆக, ஞாயிற்றுக்கிழமைகளில் பேரரசு திறந்து கிடக்கும். அதைக் கண்டுபிடித்து முதலில் உள்ளே புகுந்தவர் விஜயகுமார். மஞ்சக்குட்டை கிராமத்தில் ஆரஞ்சும் மிளகும் போட்டிருக்கிறார், ஒண்டிக்கடை என்ற இடத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். ஏசுராஜுக்குச் சிநேகிதர், விளையாட்டில் குதிரைப்படைக்காரர். ஞாயிறு ஒரு ஊரைப் பிடிப்பார். திங்கள் முதல் சனி வரை ஏசுராஜ் பொறுமையாக ஒன்றரை ஊருக்கான புள்ளி சம்பாதிப்பார். இப்படியே தொண்ணூறு நாளும் நகர்ந்தது.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. அதற்கு முந்தின நாள் உரக்கடையில் இருவரும் சந்தித்தபோது ஏசுராஜ் முதலிடம், விஜயகுமார் இரண்டாமிடம். இடையில் எட்டே புள்ளி. ஒரு ஊர் போனால் பத்துப் புள்ளி போகும்.

"ஏனுங்க ரைட்டருங்க, நாளைக்குப் பதினோரு மணிக்கு மேல வருவேனுங்க. சொல்லாம வந்தேன்னு இருக்கக்கூடாது பாருங்க" என்றார் விஜயகுமார்.

"வாங்க தம்பி. நாளைக்கு மட்டும் காவல் இருக்கும்."

"லீவு கெடையாதுங்களா?"

"அரை நாள் லீவு. பத்து மணிக்குத் திரும்பக் கூப்பிட்டுருவேன்."

விஜயகுமார் உர மூட்டையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். எதிரி கத்தி எடுத்து வருகிற அன்றைக்கும் தன் படைக்கு அரை நாள் லீவு போடுகிற ராஜாவை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏசுராஜ் எஸ்டேட்டுப் பக்கம் திரும்பவில்லை. அந்த வாரம் விருந்தாளி வருவதாகத் தகவல் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எஸ்டேட்டில் காப்பி காயப்போடும் களத்தைத் தாண்டினால் செல்போனில் சிக்னல் இருக்காது; அங்கே போனால் பேரரசு அவ்வளவுதான். முன்னறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருந்தபோது போன் அடித்தது. மானேஜர் கமலக்கண்ணன்.

"ரைட்டரே, முதலாளி அடிவாரம் தாண்டிட்டாராம். எட்டுப் பேர் வர்றாங்க. எங்க இருக்கீங்க?"

"ஊட்லதானுங்க சார்."

"கெளம்பி வந்துருங்க."

ஏசுராஜ் எழுந்து நின்றார். கால் தானாகவே செருப்பைத் தேடியது. பிறகு கல்வெட்டு நினைவுக்கு வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தரம், இன்னும் இரண்டு மணி நேரம்.

"வர முடியாதுங்க சார்."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

"ஏன், ஒடம்பு சரியில்லீங்களா?" என்றார் மானேஜர்.

பொய் சொல்ல அருமையான வாய்ப்பு. மனுஷனுக்கு அதிலும் பழக்கமில்லை.

"ஒடம்பு நல்லாத்தானுங்க இருக்குது. ஞாயித்துக்கிழமைங்க சார். லீவுங்க."

போனை வைத்தார். வேலைக்கு ஆபத்து வருமா என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக, இருபத்திரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒன்று எழுந்து போனதுபோல் ஒரு சந்தோஷம். இன்பமேரி கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்று புருஷனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"யாருங்க அது பேசுனது?" என்றாள்.

அவர் விளையாட்டைத் திறந்தார். திரையில் அவருடைய தலைநகரம். வீரர்கள் வேல்களைச் சாத்திவைத்துவிட்டு வீட்டு வாசலில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கேள்வி வந்து நின்றது: 'வீரர்கள் ஓய்வில் இருக்கிறார்கள். திரும்ப அழைக்கவா?' கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம்.

ஏசுராஜின் விரல் 'ஆம்' வரைக்கும் போய் அந்தரத்தில் நின்றது. இன்பமேரி பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குங்க கூப்பிடறீங்க? ஒடம்பு சரியில்லீங்களான்னு அவங்களையும் கேட்டுட்டுக் கூப்பிடுங்க" என்றாள்.

கேலிதான் செய்தாள். ஆனால் அது போய்த் தைக்க வேண்டிய இடத்தில் தைத்துவிட்டது. பொம்மைதானே, வெறும் வெளிச்சம்தானே என்று அவர் தனக்குள் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தார். விரல் இறங்கவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் தன் வாயாலேயே சொன்னதைத் தன் கையாலேயே எப்படி அழிப்பது? பத்தரை ஆனது, பதினொன்று ஆனது. பதினொன்றே காலுக்கு விஜயகுமாரின் குதிரைகள் வந்தன. ஒருவரும் தடுக்காததால் நிதானமாக ஒரு ஊரை எடுத்தன. அதன் பின் இன்னொன்று. பன்னிரண்டு மணிக்குக் கல்வெட்டில் விஜயகுமார் என்று எழுத்து விழுந்ததை அவர் கண்ணால் பார்த்தார்.

உடனே போன் வந்தது.

"ஏனுங்க ரைட்டருங்க, கதவு தொறந்தே கெடந்துதுங்களே. கூப்பிட மறந்துட்டீங்களா?" விஜயகுமாரின் குரலில் ஜெயித்தவன் குரலே இல்லை.

"மறக்கலீங்க தம்பி. முழு நாளா குடுத்துட்டேன்."

"எனக்கு நொம்பச் சங்கடமா இருக்குதுங்க."

"விடுங்க. நல்லா ஆடுனீங்க."

அதன் பிறகு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சாப்பிட்டார். முன்னறைக்கும் அடுக்களைக்கும் நாலு தரம் நடந்தார். எந்த இடத்தில் நின்றாலும் இன்பமேரியின் வேலைக்குக் குறுக்கே நின்றார். கடைசியில் அவள் உள்ளறையில் பாயை விரித்து, ஒரு தலையணையையும் போட்டு, "படுங்க" என்றாள். படுத்தார். அசதி எங்கிருந்து வந்ததோ, அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார்.

கண் விழித்தபோது மணி மூன்றரை. பின் ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் இறங்கி, பாயில் பாதியும் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த இன்பமேரியின் மடியில் பாதியுமாகக் கிடந்தது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"இந்நேரத்துக்கு இங்க வெயில் வருமா?" என்றார்.

"எப்பவும் வரும்ங்க" என்றாள் அவள். "நீங்கதான் இருக்க மாட்டீங்க."