வெள்ளையடித்த கல்கட்டு: சித்தேரி மலையில் ஒரு நில அளவை

போன தை மாதம், பொங்கல் முடிந்த அடுத்த வாரம் சித்தேரி மலைக்கு அருவி பார்க்கப் போனேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. மூன்று நாள் விடுப்பு மிச்சமிருந்தது, ஒகேனக்கல் கூட்டத்தில் இடிபட எனக்குத் தெம்பில்லை.

தருமபுரியில் காலை 5.40க்குப் பேருந்து ஏறினேன். அரூர் நாற்பது கிலோமீட்டர், ஏழு மணிக்கு முன்பே இறக்கிவிட்டார்கள். மலைக்குப் போகும் பேருந்தை டீ குடிக்கப் போய்த் தவறவிட்டது முழுக்க என் தப்பு. ஷேர் ஜீப்பில் ஆளுக்கு எண்பது ரூபாய். ஓட்டுநர் குப்புசாமி மலையாளி. கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள், இந்த மலையின் பழங்குடிகளுக்கே அந்தப் பெயர்தான்.

"அருவிக்கு மத்தியானம் கூட்டிட்டுப் போறேங்க. நான் வன உரிமைக் குழுவுல இருக்கறன், காலையில ஒரு நெலம் அளக்கறாங்க. நீங்களும் வாங்க" என்றார். உள்ளுக்குள் கடுப்புதான். வேறு வண்டி கிடையாது, போனேன்.

நிலம் சின்னப்பொண்ணு என்பவருடையது. கணவர் இல்லை, இரண்டு மகள்கள், ஒன்றரை ஏக்கரில் சாமை. வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பருக்கு முன்பிருந்தே இங்கே பயிர் செய்கிறார்கள் என்று காட்டினால் உரிமைப் பத்திரம் கிடைக்கும். காட்டாவிட்டால் ஏட்டில் அது காடுதான். ஒரு தடவை மனு தள்ளுபடியாகிவிட்டதாம். இந்தத் தடவையும் போனால் மகள்களைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போவதைத் தவிர வழியில்லை என்று வழியிலேயே குப்புசாமி சொல்லியிருந்தார்.

நிலத்தைச் சுற்றி இடுப்பளவுக் கல்கட்டு. பளிச்சென்று வெள்ளையடித்து, கல்யாண வீடு போல இருந்தது. அளக்க வந்த வனவர் கல்லைத் தடவிப் பார்த்தார்.

"இது புதுசா கட்டுன மாதிரி இருக்குதேம்மா."

"புதுசு இல்லீங்க. மாமனார் கட்டுனது. நீங்கல்லாம் வரீங்கன்னு பாசியச் சொரண்டிட்டு, பொங்கலுக்கு வாங்குன சுண்ணாம்பு மிச்சம் இருந்துச்சி, அடிச்சிட்டமுங்க."

அத்தனை வருடப் பாசி. இருந்த ஒரே அத்தாட்சியை, வரும் ஆட்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று இரண்டு நாள் குனிந்து சுரண்டி எடுத்திருக்கிறார்கள். வனவரும் கெட்டவர் இல்லை. "எனக்குப் புரியுது. மேல கேட்டா நான் எதைக் காட்டறது?" என்றார்.

குப்புசாமிதான் சின்னப்பொண்ணுவிடம் கேட்டார்: "சாமை எங்கக்கா குத்துவீங்க?"

சின்னப்பொண்ணு ஓரத்திலிருந்த வைக்கோல் குவியலைக் காட்டினார். "அங்க பாறையில ஒரு குழிங்க. ஆபீசருங்க கால் மாட்டிக்கப் போவுதுன்னு மண்ணப் போட்டு நெரப்பி மூடிட்டம்."

வைக்கோலைத் தள்ளி மண்ணைக் கையால் அள்ளினோம். நானும்தான். அரைமணி நேரத்தில் பாறையிலேயே தேய்ந்த உரல் குழி வெளியே வந்தது. உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. வனவர் கையை விட்டார், முழங்கைவரை போனது. டேப் 41 சென்டிமீட்டர் காட்டியது.

"இது இருவது வருசத்துல தேயறதில்ல" என்று அவரே சொல்லி, படமெடுத்து அறிக்கையில் எழுதினார். சின்னப்பொண்ணு அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது என்னிடம் கேட்டார்: "சாருக்கு எந்த ஊருங்க?"

"சேலம். சொந்த வீடு."

"எப்பருந்து இருக்கீங்கன்னு அங்க யாராச்சும் வந்து பாத்தாங்களா?"

"இல்லம்மா."

"ஒருத்தருமா?"

இல்லை என்று தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது.

அருவிக்கு மூன்று மணிக்குத்தான் போனோம். தண்ணீர் குறைவு, அருவிக்காக மட்டும் போகிறவர்கள் ஐப்பசியில் போங்கள். மலையில் பணம் எடுக்க வழியில்லை, அரூரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்துக்குமேல் இறங்க வண்டி கிடைப்பது சிரமம். காலி இடம்தானே என்று கூடாரம் போடாதீர்கள், அறுவடை முடிந்த சாமை நிலம் பார்க்க அப்படித்தான் இருக்கும். பக்கத்து வீட்டில் கேளுங்கள், சொல்வார்கள்.

சின்னப்பொண்ணுவின் மனு மேல்குழுவில் இருப்பதாகப் போன வாரம் குப்புசாமி போனில் சொன்னார். அன்று ராத்திரி பீரோவிலிருந்து எங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அப்பா அந்த மனையை வாங்கியது 1991இல். அதற்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள் என்று இதுவரை நான் கேட்டதே இல்லை.