அல்போன்சின் காரில் துரு இல்லை

பழைய கார் திருத்துகிறவனுக்கு வேலை இரண்டு: கழலாத நட்டைக் கழற்றுவது, கழற்றிய நட்டைத் தேடுவது. எனக்கு மூன்றாவது வேலை ஒன்றும் இருந்தது. அல்போன்சின் காரைப் பார்த்து வயிறெரிவது.

என்னுடையது எழுபதுகளில் வந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, நீள மூக்கு. பெயரைச் சொன்னால் உடனே விலை கேட்பீர்கள். சொல்லவில்லை. பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தில், வில்லரேயில் என் வீட்டுக்குப் பின்னால், ஒழுங்கையைப் பார்த்த கராஜில் வைத்து ஏழு வருசமாகத் திருத்தினேன். முன்பு நான் தையல் தொழிற்சாலையில் மெசின் மெக்கானிக். ஓய்வு கிடைத்தபோது சும்மா இருக்கத் தெரியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அல்போன்சிடமும் அதே கார், அதே வருசம். சிவப்பு. பனி கரைக்க றோட்டில் உப்புப் போட்டுக் காரைத் துருப்பிடிக்க வைக்காத மேற்குக் கரையில் யாரோ திருத்தி முடித்ததை வாங்கி, லொறியில் ஏற்றி வரவழைத்தான். அவன் இருப்பது நகரத்தின் மற்றப் பக்கம், நோத்ர-டாம்-த-கிரேஸில். அடுக்குமாடிக்குக் கீழே சூடேற்றிய தரிப்பிடம். குளிர்காலத்தில் அவனுடைய கார் எங்கள் படுக்கையறையைவிட வெதுவெதுப்பாக இருக்கும்.

யூலை மாதம் ஆற்றங்கரைப் பூங்காவில் எங்கள் ஆட்களின் ஒன்றுகூடல் நடக்கும். அல்போன்ஸ் தன் மனைவி ஜசிந்தாவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு சிவப்புக் காரில் வருவான். சனம் எழும்பிப் போய்ப் பார்க்கும். நானும் என் மனைவி பவளமும் நாலு கதவுக் காரில் வருவோம். சட்டி பானை இறக்க மட்டும் ஆள் வரும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு கோடையாவது பவளத்தை என் காரில் ஏற்றிக்கொண்டு அவன் கண் முன்னால் போய் நிற்க வேண்டும். கார் ஓடட்டும், பிறகு ஏறுகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அவளுடைய முழங்காலோ வருசத்துக்கு வருசம் மோசமாகிக்கொண்டு வந்தது. சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். நான் காரைத் திருத்தி முடிப்பது முந்துமா, அவளுடைய முழங்கால் மடங்காமல் போவது முந்துமா என்பதுதான் கேள்வி.

இதே நோய் உள்ளவர்கள் மேலே வாசியுங்கள். மற்றவர்களுக்கு வேறு வேலை இருக்கும்.

கம்பளத்துக்குக் கீழே

நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டிலில் கிடந்த கார். மேலே வைக்கோல், உள்ளே எலி. வெளியைப் பார்த்தேன், மூக்கைப் பார்த்தேன், வாங்கிவிட்டேன். உள்ளே கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. சிரிக்க வேண்டாம். நீங்களும் அப்படித்தான் வாங்கியிருப்பீர்கள்.

கராஜில் இறக்கிவிட்டுக் கம்பளத்தைத் தூக்கினேன். ஸ்க்ரூ டிரைவரால் தரையைத் தட்டிப் பார்த்தேன். தட்டிய இடத்தால் அது உள்ளே போயிற்று. இன்னொரு இடத்தில் தட்டினேன். அங்கேயும் போயிற்று. சாரதியின் சீட்டில் இருந்தபடியே கராஜின் சீமெந்து தெரிந்தது. அல்போன்சின் காரின் தரையை நான் அதற்கு முதல் கிழமைதான் குனிந்து பார்த்திருந்தேன். கழுவி வைத்த சாப்பாட்டுக் கோப்பை மாதிரிப் பளபளவென்று இருந்தது.

தேத்தண்ணியோடு வந்த பவளம் ஓட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி ஓட்டையைப் பார்த்தாள்.

“உதுக்கேன் பெற்றோல்? ரெண்டு பேரும் அடியாலை காலை விட்டு ஓடினால் காணும்.”

இரண்டு மூடி

தரைக்குத் தகடு வெட்டி ஒட்டுவதற்கு ஒரு முழுக் குளிர்காலம் போயிற்று. என் கராஜில் சூடு கிடையாது. இரண்டு காற்சட்டை போட்டு, காருக்கு அடியில் மட்டையை விரித்து, மல்லாந்து கிடந்து வெல்டிங் செய்தேன். மேலே பார்த்து ஒட்டினால் நெருப்புப் பொறி எங்கே விழும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குச் சட்டைக் கழுத்தால் போய் வயிறு வரை இறங்கிற்று.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அல்போன்ஸ். தன் சூடேற்றிய தரிப்பிடத்தில் நிற்கிறானாம், வெறும் சேர்ட்டோடு. கணக்காளராக இருந்தவன். கார் வந்து இரண்டு வருசத்தில் முதல் தடவையாகக் காரின் மூக்கைத் திறந்து எஞ்சினைப் பார்த்திருக்கிறான். துரு இல்லாத கார் யாருக்குக் கிடைத்திருக்கிறது பாருங்கள். கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. பிழையான பதில் வாய் வரைக்கும் வந்து நின்றது. அவன் கேட்டது இதுதான்:

“அண்ணை, இதுக்குள்ளை ரெண்டு மூடி கிடக்கு. ஒயில் எதுக்குள்ளை விடுறது?”

பிராவோ

பக்கத்து வீட்டு முஸ்யூ ரேமோன் பிரெஞ்சுக்காரர், என் வயதுக்காரர். வேலிக்கு மேலால் தினமும் எட்டிப் பார்ப்பார், ஆனால் கராஜ் கதவு சாத்தியே இருக்கும். நான் சுத்தியலால் அடிக்கும் சத்தம் அவருக்குப் பழகிவிட்டது. அடிக்காத நாளில் எனக்கு என்ன சுகமில்லையோ என்று விசாரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து அல்போன்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தான். சிவப்புக் காரை என் வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் பவளத்திடம் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் காருக்குப் பக்கத்தில் நின்றேன். பார்க்கவில்லை, சும்மா நின்றேன். ரேமோன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முடித்துவிட்டாயே, பிராவோ, பிராவோ என்றார். அவருடைய கண் கலங்கிவிட்டது. நான் என்ன செய்ய? “மெர்சி” என்று நன்றி சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் கராஜ் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கதவும் இல்லாமல் கண்ணாடியும் இல்லாமல் வெறும் கூடாக என் கார் நின்றது. ரேமோன் வேலியடியில் வந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் பிரெஞ்சில் கேட்டார்:

“நல்லாகத்தானே இருந்தது, ஏன் முஸ்யூ திரும்பவும் கழற்றினாய்?”

தொங்கிய போத்தல்

எஞ்சினை முதல் தடவை ஓட்டிப் பார்க்கிற நாள். பழைய பெற்றோல் தாங்கியை நம்பக்கூடாது. உள்ளே துரு. ஆகவே பிளாஸ்டிக் போத்தலில் பெற்றோல் விட்டு, கராஜ் முகட்டில் தலைகீழாகக் கட்டி, குழாயைக் காபரேற்றருக்கு இறக்கினேன். யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது இந்த வேலை எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மண்ணெண்ணெயில் கார் ஓடும். எஞ்சினைக் கிளப்புவதற்கு மட்டும் நாலு துளி பெற்றோலை மேலிருந்து விடுவோம். அல்போன்சும் அந்தக் காலத்தில் மன்னாரில் இருந்தவன்தான். அவனைக் கேட்டால் ஞாபகம் இல்லை என்பான். சூடேற்றிய தரிப்பிடம் மனிதனை அப்படி ஆக்கிவிடும்.

முதல் தடவை இருமியது. இரண்டாம் தடவை துப்பியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. கராஜ் முழுக்கப் புகை. எனக்குக் கண் எரிந்தது. புகையால்தான். பவளம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரி நோயாளி மாதிரிக் கிடந்த காரையும் மேலே தொங்கிய போத்தலையும் பார்த்தாள்.

“மூலையிலை பெற்றோல் ஸ்டேஷன் கிடக்கு. இஞ்சை ஆர் உங்களுக்குத் தடை போட்டது?”

பொட்டு

காருக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தேன். பனிக்காலத்தில் கார் விடப் போடும் கூடாரத்தை வாசலில் இருந்து கழற்றாமல் வைத்து, அதற்குள்ளேயே அடித்தேன். கூடாரத்தை ஏன் இன்னும் கழற்றவில்லை என்று நகரசபை ஆள் வந்து கேட்கும் வரை அடித்தேன். நல்லாக வந்தது. பெயின்ற் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே காயாமல் பச்சையாக இருக்கும். முழுதாக இறுக இன்னும் சில கிழமை வேண்டும். அது எனக்குத் தெரியும். பவளத்துக்குச் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை போய்ப் பார்க்கிறேன். நாலு ரயருக்குக் கீழேயும் கண்ணூறு கழிக்கத் தேசிக்காய். மூக்கின் நடுவில் பெரிய சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். ஏழு வருசம் நையாண்டி பண்ணினவள் எனக்குத் தெரியாமல் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். துணி எடுத்தேன். துடைத்தேன். சந்தனம் போயிற்று. குங்குமம் காயாத பெயின்றுக்குள் இறங்கிவிட்டது. தேய்த்தேன், பொலிஷ் போட்டேன். வெள்ளைதான் தேய்ந்தது, சிவப்பு அசையவில்லை. அந்த இடத்தைத் திரும்ப அடிக்கப் போகிறேன் என்றேன். பொட்டை அழித்தால் காரில் ஏற மாட்டேன் என்று பவளம் சொல்லிவிட்டாள்.

அல்போன்ஸ் பார்க்க வந்தான். அவனுடைய கார் வந்த அன்றைக்கு ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். துணியால் ஒரு துடை. முடிந்தது. அதிலும் அவனுக்குக் கறை இல்லை. என் காரின் மூக்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“அண்ணை, எங்கட ஆக்கள் தண்ணியோடை நிப்பாட்டுவினம்.”

திருவலை

காருக்கு இலக்கத் தகடும் வந்துவிட்டது. இனி முழங்கால். என் காரின் சீட்டு நிலத்தோடு நிலமாக இருக்கும். ஜசிந்தா அதே உயரச் சீட்டில் ஒரு காலை வைத்து, சறுக்கி, உள்ளே போய்விடுவாள். இறங்குவதும் அப்படித்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சீட்டு எவ்வளவு உயரம் என்று அளந்து பார்த்தேன். ஏறி இருந்து தேங்காய் துருவும் திருவலைப் பலகையின் உயரம்தான். நாங்கள் உறைந்த தேங்காய்ப்பூ வாங்கத் தொடங்கிய பிறகு அது நிலவறையில் சும்மா கிடந்தது. எடுத்து வந்து, அலகைத் துணியால் சுற்றிக் கட்டி, குசினி நடுவில் வைத்து, இதில் இரு பார்ப்போம் என்றேன். பவளம் மேசையைப் பிடித்து மெல்ல மெல்ல இறங்கி இருந்துவிட்டாள். எனக்குச் சந்தோசம். எழும்பு என்றேன். எழும்ப முடியவில்லை. இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன். என் முதுகு சொடுக்கியது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம், அவள் திருவலையில், நான் நிலத்தில்.

“காரெண்டால் ஜாக்கி வைச்சுத் தூக்குவியள். எனக்கு என்னத்தை வைக்கப் போறியள்?”

ஒன்றுகூடல்

யூலை வந்தது. நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். பவளம் நீலச் சேலை உடுத்து வந்து, கூரையைப் பிடித்து, பல்லைக் கடித்து, காரில் இறங்கி இருந்தாள். ஆற்றங்கரைக்குக் கிட்ட வந்தபோது கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டாள். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

சிவப்புக் காருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஜசிந்தா எப்போதோ இறங்கிப் போய்விட்டாள். அல்போன்ஸ் தனியே நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். நான் சுற்றிவந்து கதவைத் திறந்து கையைக் கொடுத்தேன். பவளம் ஒரு தடவை எழும்பப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். முகம் வெளிறியது. சனம் பொட்டு வைத்த காரைக் கண்டு எங்கள் பக்கம் வரத் தொடங்கிவிட்டது. இத்தனை பேருக்கு முன்னால் அவளை எப்படி இழுத்தெடுப்பது? அவள் என் கையை விட்டாள். சாய்ந்து இருந்தாள். சேலைக் கொய்யகத்தைச் சரி செய்தாள். “சும்மா நில்லுங்கோ” என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். பிறகு ஊருக்கே கேட்கிற குரலில், “அல்போன்ஸ் தம்பி, இந்தச் சீட்டை விட்டு எழும்ப எனக்கு மனமில்லை” என்றாள்.

எழும்பவில்லை. பெண்கள் திறந்த கதவடியில் பாய் விரித்து இருந்தார்கள். ஆட்டிறைச்சிக் கறியும் றோல்ஸும் அவளிடம் போயின. குழந்தைகளுக்குப் பொட்டைத் தொட்டுப் பார்க்க வரிசை. கொஞ்ச நேரம் நானும் வந்து இருக்கட்டா அக்கா என்று ஒருத்தி கேட்டாள். இப்போது முடியாது பிள்ளை என்று பவளம் சொன்னாள். சோடா நீட்டினார்கள், குடிக்கவில்லை. குடித்தால் பிறகு எழும்ப வேண்டி வரும் என்று எனக்கு மட்டும் தெரியும். சிவப்புக் காரைப் பார்க்க ஒருவரும் போகவில்லை. நீரும் வந்து எங்கட காரில் கொஞ்சம் இரும் என்று அல்போன்ஸ் ஜசிந்தாவைக் கூப்பிட்டான். அவள் கையை அசைத்துவிட்டுப் பந்தடிக்கப் போய்விட்டாள். சாப்பாடு முடிந்து, சனம் பாய் சுருட்டுகிற நேரம் அவன் என் அருகே வந்தான். பவளத்தைப் பார்த்தான், தன் காரின் வெறும் சீட்டைப் பார்த்தான். அந்த முகத்தை நான் அறிவேன். ஏழு வருசம் என் கண்ணாடியில் பார்த்த முகம்.

“அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ, உந்தச் சீட்டுக்குள்ளை என்ன பஞ்சு வைச்சனீங்கள்?”

வீட்டு வாசலில் முஸ்யூ ரேமோனும் நானும் சேர்ந்து பவளத்தைக் காரிலிருந்து வெளியே எடுத்த விதம் அல்போன்சுக்கு இன்றுவரை தெரியாது, இதை வாசிக்கிற நீங்களும் அவனுக்குச் சொல்லிவிட வேண்டாம்.